200 வாட் ஆம்ப் வாங்குவதற்கு முன்னால்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா 1984-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு 30 வாட், 8 ஓம் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. அதில் இரண்டு மாதம் முன்பு வாங்கிய சின்ன ஸ்பீக்கர் ஜோடி, 4 ஓம், 85 டெசிபெல். அமெரிக்காவிலிருக்கும் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (மோட்டார் ஒரு பெல்ட்டால் தட்டைச் சுற்றும் ரெக்கார்ட் பிளேயர்). டிவியின் கேபிள் பெட்டியும் அதே ஆம்ப்பில்தான். பழைய 8 ஓம் ஸ்பீக்கர்கள் அடுத்த அறையில் 'பி' இணைப்பில் இருக்கின்றன. அறை 10க்கு 12 அடி. தொல்லைகள்: சத்தம் கூட்டினால் ஃபியூஸ் போகிறது, இடது ஸ்பீக்கர் வருவதும் போவதுமாக இருக்கிறது, 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல், பேஸ் (கனமான தாழ் ஸ்வரம்) இல்லை. கடைசி வரியில், ரெக்கார்டில் பாடும் பாடகியின் குரல் கனத்துப்போய்க் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் 200 வாட் ஆம்ப் ஒன்றைக் காட்டுகிறார், வாங்கலாமா என்பது கேள்வி.

இப்போது வாங்காதீர்கள். இந்த ஐந்து தொல்லையில் ஒன்றுகூட வாட் போதாமல் வந்ததல்ல. இரண்டு தொல்லைகள் இணைப்பால், ஒன்று நாற்பது வருடத்துத் துருவால், ஒன்று பெரும்பாலும் வயரை மாற்றிச் சொருகியதால், ஒன்று அமெரிக்க மின்சாரத்தால் வந்தவை. புது ஆம்ப் வைத்தாலும் இதில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும்.

ஃபியூஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுப்பது வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பது ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்தது. 8 ஓமில் 30 வாட் என்றால் சுமார் 15.5 வோல்ட், 1.9 ஆம்பியர். அதே 15.5 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 3.9 ஆம்பியர் ஓடும். உங்கள் ஆம்ப்பில் ஸ்பீக்கர் பொத்தான் 'ஏ+பி'யில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த அறையில் யாரும் கேட்காவிட்டாலும் பழைய ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஓடுகின்றன. பெரும்பாலான ஆம்ப்களில் இந்த இரண்டு ஜோடிகளும் பேரலலாகத்தான், அதாவது பக்கத்தில் பக்கமாகத்தான், சேர்கின்றன. 4 ஓமும் 8 ஓமும் பேரலலாகச் சேர்ந்தால் மிச்சம் 2.7 ஓம். கரண்ட் 5.8 ஆம்பியருக்குப் போய்விடும், அதாவது கம்பெனி கணக்குப் போட்டதைப் போல மூன்று மடங்கு. ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கே 'பி'யை அணைத்துவிடுங்கள். பிறகு பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 'ஏ அல்லது பி: 4 முதல் 16 ஓம், ஏ+பி: 8 முதல் 16 ஓம்' என்பது போல இருந்தால், புது ஸ்பீக்கரைத் தனியாக ஓட்ட அதற்கு அனுமதி உண்டு. '8 ஓம் குறைந்தபட்சம்' என்று மட்டும் இருந்தால், வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் கேளுங்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஜோடி பொருந்தவில்லை. 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் சில ஸ்வரங்களில் 3 ஓம் வரை இறங்குவதும் சாதாரணம். அட்டையில் இருப்பது பெயருக்கான எண், எல்லா ஸ்வரத்துக்கும் அதுவே அல்ல. பெரிய ஃபியூஸ் போடுவதோ, உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பதோ கூடவே கூடாது. ஃபியூஸ் பத்து ரூபாய். அது காப்பாற்றுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி அந்தக் காலத்து நம்பரில் ஒரிஜினலாகக் கிடைப்பது இன்று குதிரைக்கொம்பு, போலி நிறையச் சுற்றுகிறது.

இப்போது வாட் கணக்கு. 85 டெசிபெல் என்றால், 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 85 டெசிபெல் சத்தம் வரும் என்று பொருள். 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்டேஜ் 1 வாட், 4 ஓமில் 2 வாட். உங்கள் ஆம்ப்பின் 15.5 வோல்ட் அதைவிட ஏறக்குறைய 15 டெசிபெல் அதிகம். ஆக ஒரு மீட்டரில் 100 டெசிபெல். நீங்கள் உட்காரும் தூரத்தில் கொஞ்சம் குறையும், இரண்டாவது ஸ்பீக்கரும் அறைச் சுவர்களும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். 95-க்குக் குறையாது. வீட்டில் பேசிக்கொள்வது 60 டெசிபெல் அளவுதான், அதனால் 10க்கு 12 அறையில் இது தாராளம். கடைக்காரர் காட்டும் 200 வாட்டுக்கு மாறினால் கூடுதலாகக் கிடைப்பது 8 டெசிபெல். சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குப் படவே சுமார் 10 டெசிபெல் வேண்டும். ஆறரை மடங்கு வாட்டுக்குப் பணம் கொடுத்தும் இரட்டிப்பு வராது. மாறாக 90 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருந்தால், அந்த 5 டெசிபெல் வித்தியாசம் மட்டுமே வாட்டை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியதற்குச் சமம். ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது வாட் எண்ணைக் கேட்பதற்கு முன்னால் டெசிபெல்லையும் ஓமையும் கேளுங்கள். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்று சொல்வதில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சின்ன ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினாலும் எரியும். வால்யூமைக் கடைசி வரை ஏற்றும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுச் சத்தத்தின் சக்தி உயர் ஸ்வரப் பகுதிக்கு ஏறி, அந்த ஸ்வரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் போய் விழும். பாட்டு கரகரக்க ஆரம்பித்ததும் கை வால்யூமைக் குறைத்துவிட வேண்டும், ஆம்ப் எத்தனை வாட்டாக இருந்தாலும் சரி.

அடுத்தது இடது ஸ்பீக்கர். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, ஏனென்றால் கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். முறை ஒன்றுதான்: இடதையும் வலதையும் மாற்றிச் சொருகு, கோளாறு கூடவே நகர்கிறதா என்று பார். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டு இடத்தில் மாற்றினால் எதுவும் விளங்காது. ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

முதலில் ஆம்ப்பின் பின்னால் டர்ன்டேபிளிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளைப் பின்களை இடம் மாற்றுங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றம் டர்ன்டேபிளிலோ அந்த வயரிலோ இருக்கிறது. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியின் நான்கு சின்ன வயர்களில் ஒன்று தளர்ந்திருக்கும். தாவாமல் இடதிலேயே நின்றால், பின்களைப் பழையபடி சொருகிவிட்டு ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப் முனையில் மாற்றுங்கள். இப்போது வலதுக்குப் போனால் குற்றவாளி ஆம்ப். இடதிலேயே இருந்தால் அந்த வயர் அல்லது ஸ்பீக்கர்.

டிவி சத்தத்திலும் இடது போகிறது, வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் திரும்பி வருகிறது, பிறகு ஒரு மணி நேரம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன் செய்து நான்கைந்து நொடி கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும் என்பதும் இருக்கிறது. அந்த 'டிக்' ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கரை ஆம்ப்புடன் சேர்க்கும் தானியங்கி சுவிட்ச். அதன் தொடுமுனைகள் வருடக்கணக்கில் கறுத்துப் போகின்றன. சத்தம் குறைவாக இருக்கும்போது அந்தக் கறுப்பைத் தாண்ட வோல்டேஜுக்குத் தெம்பு இல்லை. சத்தம் ஏறினால் தாண்டிவிடுகிறது, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறது. 'குறைவாக வைத்தால் போகிறது, ஏற்றினால் வருகிறது' என்று யாராவது சொன்னால் பத்தில் எட்டு தடவை நான் முதலில் ரிலேயைத்தான் பார்ப்பேன்.

என்னுடைய பழைய ஆம்ப்பிலும் இதே கதை. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் வைத்திருந்து திறந்தேன். ரிலே ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது, பழுப்பேறிய பிளாஸ்டிக் மூடி. மூடியை நகத்தால் நெம்பி எடுத்தால் உள்ளே இரண்டு ஜோடித் தொடுமுனைகள், மிளகில் பாதி அளவு. வெள்ளியாக மின்ன வேண்டியது, பழைய கொலுசு போலக் கறுத்திருந்தது. விசிட்டிங் கார்டிலிருந்து மெல்லிய ஒரு பட்டையை வெட்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து, மேலே லேசாக விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தேன். வெள்ளை அட்டையில் பென்சில் கோடு போல ஒரு கறுப்புத் தடம். புதுப் பட்டை, மறுபடி தடம், கொஞ்சம் மங்கல். ஏழாவது பட்டை வெள்ளையாகவே வெளியே வந்தது. அன்று இரவு இடது பக்கம் மிகக் குறைந்த சத்தத்திலும் ஒழுங்காகப் பாடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே பூசியிருக்கும் பூச்சு போய்விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி கறுக்கும். சுத்தம் செய்வதும் நிரந்தரமல்ல, ஒன்றிரண்டு வருடம் தாங்கும். அதே வோல்டேஜ், அதே கால் அமைப்பு உள்ள புது ரிலே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், நல்ல மெக்கானிக் அரை மணியில் மாற்றிவிடுவார்.

ஆம்ப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. உள்ளே உருளையாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். உங்களுக்கு மல்டிமீட்டர் வைத்து அதை அளந்து பார்க்கத் தெரியாது என்றால், திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ரிலேயை மாற்றியும் தீரவில்லை என்றால் அடுத்து வால்யூம், பேலன்ஸ், டேப் மானிட்டர் (டேப் டெக்கிலிருந்து வரும் ஒலியைக் கேட்க வைப்பது) பொத்தான்கள். வால்யூமைத் திருப்பும்போது 'கர்க் கர்க்' என்றால் உள்ளே தூசு. கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, ஒரு சொட்டு விட்டு, முப்பது தடவை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்பிரே இதற்கு ஆகாது. அது எண்ணெய்ப் படலம் விட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். டேப் மானிட்டர் பொத்தானைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது உள்ளே அமுங்கியிருந்தால், டேப் டெக் இல்லாத வீட்டில் சத்தமே வராது. ஆம்ப் செத்துப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு போனவர்களின் ஆம்ப்பில் அந்த ஒரு பொத்தானை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றை நீங்கள் புது ஸ்பீக்கரை மாட்டும் அன்றே செய்திருக்க வேண்டும், இப்போதாவது செய்யுங்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஆம்ப்பை ஆன் செய்து பத்து நிமிடம் விட்டு, சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவில் டி.சி. மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். நாற்பது வருட ஆம்ப்பில் ஓர் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு டி.சி.யும் ஸ்பீக்கர் காயிலில் இறங்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ரிலே இருக்கிறது. அதனால்தான் ரிலேயைத் தாண்டி நேராக வயர் போட்டுக் கொடுக்கிற 'ரிப்பேரை' ஒருபோதும் ஏற்காதீர்கள்.

இனி இரைச்சல். 'ம்ம்ம்' என்று சீராக ஒலித்தால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். 'ர்ர்ர்' என்று கொஞ்சம் முள்ளாக இருந்தால் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். பின்னால் சொருகியிருக்கும் எல்லாப் பின்களையும் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் ஆம்ப்பின் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது. இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வாருங்கள். எதைச் சொருகியதும் திரும்ப வருகிறதோ அங்கே பிடித்துவிடலாம்.

உங்கள் வீட்டில் குற்றவாளி கேபிள் பெட்டி என்று நான் நினைக்கிறேன். தெருக்கம்பத்திலிருந்து வரும் கேபிள் வயரின் மேலுறை எங்கோ வெளியே எர்த் ஆகியிருக்கும். ஆம்ப்போ டிவியோ உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயரின் உறை வழியாக ஓடி, 'ம்ம்ம்' ஆகக் கேட்கும். பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் அதுதான். இதற்குத் தீர்வு, பெட்டிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஆப்டிகல் வயரும் ஒரு சின்ன டிஜிட்டல் மாற்றியும் போடுவது. ஒளி வழியாகப் போவதால் இரண்டு எர்த்தும் தொடாது. பெட்டியில் ஆப்டிகல் துளை இல்லையென்றால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி நடுவில் போடலாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி எடுத்தாலும் இரைச்சல் நிற்கும், பலர் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆம்ப்புக்குள் ஒரு வயர் அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த எர்த் பின்தான் உங்கள் உயிருக்குக் காவல்.

ரெக்கார்டில் மட்டும் இரைச்சல் என்றால் டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் வரும், நுனியில் கவைக்கோல் மாதிரி ஒரு தகடு. அதை ஆம்ப்பின் பின்னால் 'ஜிஎன்டி' என்று போட்ட திருகில் மாட்ட வேண்டும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மை விரலால் தொட்டால் இரைச்சல் மாறுகிறதா? மாறினால் அந்த வயர் எங்கோ விட்டிருக்கிறது. சில டர்ன்டேபிள்களில் பின்னால் 'ஃபோனோ, லைன்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ரெக்கார்ட் வெட்டும்போது பேஸைக் குறைத்து உயர் ஸ்வரத்தை ஏற்றிவிடுகிறார்கள், ஃபோனோ நிலை என்ற சின்னப் பெருக்கி அதைத் திருப்பிச் சரி செய்து பெரிதாக்குகிறது. சுவிட்ச் 'ஃபோனோ'வில் என்றால் ஆம்ப்பின் ஃபோனோ இணைப்பில் சொருக வேண்டும். 'லைன்' என்றால் ஆக்ஸ் (AUX) என்ற சாதாரண இணைப்பில். 'லைன்' நிலையில் ஃபோனோ இணைப்பில் சொருகினால் பேஸ் ஊதிப்போய்க் கரகரக்கும். 'ஃபோனோ' நிலையில் ஆக்ஸில் சொருகினால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல மெல்லிசாகக் கேட்கும்.

பெட்டியும் டர்ன்டேபிளும் குற்றமற்றவை என்று தெரிந்தும் 'ர்ர்ர்' இருந்தால் மேலே சுற்றும் ஃபேனைப் பாருங்கள். சுழற்றுகிற மாதிரியான ரெகுலேட்டர் நடு வேகத்தில் மின் அலையைப் பாதியில் வெட்டிக் கொடுக்கும். அந்த வெட்டு ஆம்ப் வரை வந்துவிடும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். இரைச்சல் போனால் படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறிவிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரே முனகினால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. அதில் ஆம்ப்பை ஓட்டாமல் இருப்பது நல்லது. சிங்கப்பூர் ஆம்ப் என்பதால் பின்னால் வோல்டேஜ் செலக்டரும் இருக்கும், 220-ல் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 240-க்கு மாற்றுங்கள். இரவில் நம் வீட்டு மின்சாரம் 240-ஐத் தொடுவது புதிதல்ல.

பாடகியின் குரல் கனத்துப்போனதைக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அமெரிக்க டர்ன்டேபிளை ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் சொருகியிருப்பீர்கள். அது 230 வோல்ட்டை 120 ஆக்கும். ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்று சுற்றுகிறது. சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கிவிடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவார். கனக்காமல் என்ன செய்யும்? கையிலிருக்கும் கடிகாரத்திலேயே சோதிக்கலாம். உறையில் ஒரு பக்கம் 20 நிமிடம் என்று இருந்தால் உங்களிடம் 24 நிமிடம் ஓடும்.

தீர்வு மோட்டாரின் வகையைப் பொறுத்தது. அடியில் உள்ள தகட்டில் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று இருந்து மோட்டாருக்கு நேராக மெயின் வயர் போனால், 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பெரிய புல்லி (மோட்டார் தண்டில் பெல்ட் சுற்றும் சின்ன சக்கரம்) வாங்கி மாட்ட வேண்டும். பல கம்பெனிகள் இரண்டு புல்லிகளையும் விற்றன. மாறாக, சுவரில் சொருகும் அடாப்டரிலிருந்து 12 வோல்ட் டி.சி. போகிறது என்றால் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்ததல்ல. அப்போது பழைய பெல்ட் வழுக்குவதையோ மோட்டாருக்கு அடியில் உள்ள வேகத் திருகையோ பார்க்க வேண்டும். மோட்டாரே தட்டை நேராகச் சுற்றி, குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைப் பூட்டி வைக்கும் டைரக்ட் டிரைவ் என்றால் இந்தத் தொல்லையே வராது. உங்களுடையது பெல்ட் டிரைவ், அதனால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புல்லி மாறியபின், 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டத்தைத் தட்டில் வைத்துப் பழைய குண்டு பல்ப் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நின்றபடி தெரிந்தால் வேகம் சரி. 60 ஹெர்ட்ஸ் வட்டத்தில் 216 கோடு இருக்கும், அதை இங்கே பயன்படுத்தினால் ஏமாற்றும். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் பல நேரங்களில் உதவாது.

கடைசியாகப் பேஸ். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதிகம் போவது பேஸ்தான். மோனோவில் பதிவான பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் எதிரே ஓர் ஆள் நிற்கிற இடத்திலிருந்து வந்தால் இணைப்பு சரி. எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் காதைச் சுற்றிப் பரவினால் மாறியிருக்கிறது. ஒரே ஒரு ஸ்பீக்கரில் வயரை மாற்றிச் சொருகி மறுபடி கேளுங்கள். ஒரே நிற வயரைப் போட்டுக் குழம்பிவிட்டீர்கள் என்றால், ஆம்ப் முனையில் வயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ், சிவப்பு முனைக்கு என்று நினைக்கும் வயரில் பட்டபோது ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) கூம்பு முன்னால் வந்தால் நேர் இணைப்பு. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தும் பேஸ் இல்லையென்றால் நாற்காலியை நகர்த்துங்கள். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸிலும் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவில் நின்றுகொள்ளும். சுவர் ஓரத்தில் அது பெரிதாகவும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கும். நீங்கள் நடுவில் நாற்காலி போட்டிருந்தால் அந்த இரண்டும் காதுக்கு வரவே வராது. பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது 4 அடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கர்களை ஷோகேஸுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூலில் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி போதும். பேஸ் இன்னும் கொஞ்சம் வேண்டுமானால் சுவருக்கு அருகில் தள்ளலாம், மூலைக்குள் தள்ளினால் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் உள்ள அறையில் கை தட்டினால் 'டிர்ர்' என்று ஒரு எதிரொலி வரும். கனமான திரை ஒன்று, ஒரு ஜமுக்காளம், புத்தக அலமாரி, இவை இருந்தால் அது அடங்கும். விலையுயர்ந்த புது வயருக்கு ஆகும் செலவைவிட இது குறைவு, பலன் பல மடங்கு.

வயர் என்றதும் ஒரு வார்த்தை. 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் அதன் தடை ஓமில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண எலெக்ட்ரிக்கல் கடையில் விற்கும் இரட்டை வயரே போதும், உங்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கும் தாராளம். விலையுயர்ந்த வயருக்கு ஒதுக்கிய பணத்தில் டர்ன்டேபிளுக்குப் புது ஊசி வாங்குங்கள். 500 முதல் 1000 மணி நேரம் ஓடிய ஊசி ரெக்கார்டையே தேய்க்க ஆரம்பித்துவிடும், அப்பா சேர்த்துவைத்த தட்டுகள் மறுபடி கிடைக்காது.

பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஊஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். ஃபோம் என்றால் அல்வா போலப் பிய்ந்துவரும், அதை மட்டும் புதிதாக ஒட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவை 8 ஓம், அப்பாவின் ஆம்ப்புக்கு இன்னும் சரியான ஜோடி. புது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் அவற்றில் கேட்டுப் பாருங்கள்.

'பி'யை அணைத்தபிறகு ஃபியூஸ் நின்றதா, இடது வலது மில்லிவோல்ட் எவ்வளவு, ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் எத்தனை நிமிடம் ஓடியது, மாற்றிச் சொருகியபோது இடது கோளாறு தாவியதா, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். டர்ன்டேபிளின் அடித்தகட்டில் இருப்பதையும் அப்படியே எழுதுங்கள், எந்தப் புல்லி என்று சொல்கிறேன்.